கரண்ட் போனால் நான் கோழி

மூடிய கண்ணிமையின் மேல் அடைமுட்டையை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சல்காரன் கையைப்போல ஒரு சூடு மெல்ல உள்ளே இறங்கும். அது இதமாக இருந்தால் சரி. சுட்டால் பல்பை அணைக்க வேண்டும். ஜில்லென்றிருந்தால் நான் சட்டையைக் கழற்ற வேண்டும். கடைசியில் சொன்னது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், எங்கள் கோழி பஸ்ஸோடு சண்டைக்குப் போன இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவில் அடைகாக்க எங்கள் கோழியை விட்டால் ஆளில்லை. பக்கத்து வீட்டு ரெஜினா அத்தையின் கோழி முட்டையாக இட்டுத் தள்ளும், உட்காராது. எங்களுடையதோ உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அதனால் அத்தை தன் முட்டைகளைக் கொண்டுவந்து எங்களிடம் "வாரத்துக்கு" விட்டாள். முட்டை அவளுடையது, கோழி எங்களுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. அம்மா கூடையில் வைக்கோலைப் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத் துண்டையும் வைத்தாள். மற்ற ஊர்களில் ஆணி வைப்பார்களாம், எங்கள் வீட்டில் ஒரகடம் ரோட்டில் லாரியிலிருந்து விழுந்த போல்ட்டு.

பாதி அடைகூட முடிந்திருக்காது. ஒருநாள் காலை இரை பொறுக்க எழுந்த கோழி, தெருமுனையில் திரும்பிய கம்பெனி பஸ்ஸைப் பார்த்து, நாயை விரட்டுகிற அதே தோரணையில் இறக்கையை விரித்துக்கொண்டு எதிரே போய் நின்றது. அதுவரை அந்தத் தோரணைக்குப் பயப்படாத ஜீவன் தெருவில் கிடையாது. பஸ்ஸுக்கு விஷயம் தெரியவில்லை.

"கோழி போச்சி, சரி. எம் முட்ட இன்னா ஆச்சி? ஆம்லெட்டு போட்டுத் துன்ட்டீங்களா?" என்று ரெஜினா அத்தை எங்கள் வாசலில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "முட்டயா வாங்கினேன், குஞ்சாத் தரேன். பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டாள். உள்ளே வந்தபிறகுதான் கூடை முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "பொரிக்கலன்னா இன்னாடா பண்றது? காலத்துக்கும் ஆம்லெட்டுக்காரின்னு சொல்லுவாளே!"

எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த செல்வம் அண்ணன் திருநெல்வேலிக்காரர், கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பார்ட்ஸ் பொதிந்து வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றில் குண்டு பல்பை மாட்டி, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துக் கொடுத்தார். "ஏல, பல்பு எரியுத வரைக்கும் கவல இல்ல. கரண்டு போச்சுன்னா நீதாம்ல கோழி" என்று சிரித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது தமாஷ். நான் அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

அது கரண்ட் கட் கொடிகட்டிப் பறந்த காலம். மார்கழிக் குளிர், அரையாண்டு லீவு. கரண்ட் போனதும் அம்மா முட்டைகளைப் பழைய புடவையில் பொதிந்து என் வெறும் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்திவிடுவாள். பெஞ்சில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராததால் வகுப்பில் "கூமுட்டை" என்று பட்டம் வாங்கியிருந்த நான், சுவரில் சாய்ந்து, தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு, கரண்ட் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் கிரிக்கெட் பயல்கள் வந்து, "டேய், ஒரு ஓவர் போட்டுட்டுப் போய் முட்ட போடுடா" என்று கெஞ்சினார்கள். நான் கோழியைப் போலவே அவர்களைப் பக்கவாட்டில் பார்த்தேன்.

ரெஜினா அத்தை வேவு பார்க்க வருவாள். "இன்னாடா, மாசமா கீறியா? வளகாப்பு எப்போ?"

"எல்லாம் உன் முட்டதான் அத்த" என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆம்லெட் பேச்சை விடவில்லை.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், என் வயிற்றில் முட்டையைக் கட்டிவிட்டு அம்மா கேன்டீன் வேலைக்குப் போயிருந்தாள். கரண்ட் வருகிற வழியாக இல்லை. எனக்கோ அவசரம். இயற்கை கோழிக்குக் கொடுத்திருக்கிற சில வசதிகளை மனிதனுக்குக் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றாள்.

"அத்த, கொஞ்சம் புடி."

"இன்னாத்த?"

"முட்டய. ஒண்ணுக்கு முட்டுது அத்த!"

அவள் திட்டிக்கொண்டே உட்கார்ந்து, முந்தானையை விரித்து, புடவைப் பொதியை மடியில் வாங்கிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். நான் ஓடிப்போய் ஓடிவந்தேன். அத்தை சிலையாக இருந்தாள். கண் மட்டும் அகலமாக விரிந்திருந்தது. "சத்தம் போடாத. உள்ள தட்டுதுடா" என்றாள். காதை வைத்தேன். ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய "கீச்".

கரண்ட் வந்தது. "குடு அத்த, பொட்டில வச்சிடலாம்" என்றேன். "போடா, இங்கியே இருக்கட்டும்" என்று மடியை இன்னும் மூடிக்கொண்டாள். சாயந்திரம் வேலையிலிருந்து திரும்பிய அம்மா, எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அடைக்கு உட்கார்ந்திருந்த ரெஜினா அத்தையை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சாவகாசமாகக் கேட்டாள்: "இன்னா ரெஜினா, ஆம்லெட்டு நல்லா கீதா?"

முட்டைகளில் இரண்டு கூமுட்டை. என்னையும் சேர்த்தால் மூன்று. மற்றவையெல்லாம் பொரித்தன. பங்கு பிரித்தபோது ஒரு குஞ்சு மிஞ்சியது. அத்தை அதை எடுத்து என் கையில் வைத்து, "இத்த பெத்தவனே வச்சிக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தச் சர்டிஃபிகேட்டும் அவ்வளவு சூடாக இருந்ததில்லை.

இப்போது எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர்கள் நிற்கின்றன. குண்டு பல்ப் கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். கரண்ட் போவதே அபூர்வம். போனாலும் நான் சட்டைப் பொத்தானில் கைவைப்பதற்குள் இன்வெர்ட்டர் முந்திக்கொள்கிறது. ரெஜினா அத்தை அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள். ஃபோனில் பேசும்போதெல்லாம், "மொத குஞ்சி எம் மடிலதான் தட்டிச்சி" என்பாள். "எம் புள்ள சூட்டுலதாண்டி தட்டிச்சி" என்பாள் அம்மா. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்னும் ஐந்து நிமிடம் மட்டும் அடக்கியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. பெருமை முழுவதும் எனக்கே.