எல் போர்டு மாட்டிய மஞ்சள் வண்டி

கார் ஓட்டப் பழகும்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்டெனோ. நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதத் தெரியும். கிளட்சை மெதுவாக விடத் தெரியாது. என் கணவர் சொல்லிக்கொடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கல்யாணமே ஆட்டம் கண்டுவிட்டது. அதற்கப்புறம்தான் புதுப்பட்டினம் கடைத்தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்திய சங்கரியிடம் போனேன். அது 2004.

சங்கரி தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் பாரம் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தவள். பாரம் நிரப்பிக்கொண்டே ஓட்டக் கற்றாள். முதலாளி வராத நாட்களில் அவளே சொல்லியும் கொடுத்தாள். 2002இல் பெண்களுக்கென்று தனியாகத் தொடங்கினாள். கையில் ஒரு கிழட்டு வெள்ளைக் கார். சமதரையில் அது சாது. பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில்தான் வம்பு. கிளட்ச் ஒரு நூல் தவறினால் எஞ்சின் நின்றுவிடும். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே தலையை வெளியே நீட்டி நாலு வார்த்தை சொல்வான். அந்த நாலு வார்த்தையைக் கேட்ட பெண் மறுநாள் வரமாட்டாள். அப்படிப் பாதியில் நின்றவர்கள் பதினேழு பேர். ஸ்கூலை இழுத்து மூடிவிடலாம் என்று சங்கரி முடிவே கட்டிவிட்டாள்.

அப்போதுதான் செங்கல்பட்டு ஷோரூமில் அந்த மஞ்சள் கார் கண்ணில் பட்டது. சின்ன உடம்பு, பெரிய எஞ்சின். விளம்பரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் அதைப் புழுதி பறக்க வளைத்து ஓட்டுவான். கேளம்பாக்கத்து ஐ.டி. பையன்கள் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் அவர்களின் அப்பாக்கள் வருவார்கள். "இது ரௌடிப் பசங்க வண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்து, பையனை இழுத்துக்கொண்டு போவார்கள். ஓட்டிக் காட்டுவதற்கென்று வைத்திருந்த அந்த ஒரு வண்டியை ஷோரூம்காரர்கள் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள்.

சங்கரி அதை வேகமாக ஓட்டிப் பார்க்கவில்லை. ஷோரூம் வாசல் சரிவில் நிறுத்தி, வேண்டுமென்றே கிளட்சைத் தப்பாக விட்டுப் பார்த்தாள். நாலு தடவை. வண்டி குலுங்கியதே தவிர நிற்கவில்லை. "இதான் வோணும்" என்று சொல்லிவிட்டாள்.

பயிற்சி வண்டி என்பதால் தன் பக்கத்துக்கும் ஒரு பிரேக் போட்டு, முன்னாலும் பின்னாலும் எல் போர்டு மாட்டினாள். கடைத்தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அந்த ஏற்றத்தில் நான் ஒருமுறைகூட நிற்கவில்லை. முதல் தடவை பாலத்தின் மேலே போனதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் போட்ட சத்தம் அந்த பஸ்காரனுக்குக் கேட்டிருக்கும்.

ஆறு மாதம் கழித்து ஷோரூம் மேனேஜர் பத்ரி வந்தார். சட்டையை உள்ளே விட்டு, டை கட்டி, வேர்த்து ஒழுக.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மகாபலிபுரம் ரோட்ல தினம் இந்த வண்டி எல் போர்டோட போறத பசங்க பாக்குறாங்க. ஆன்ட்டி வண்டின்னு பேரே வச்சுட்டாங்க. மூணு மாசமா ஒண்ணுகூட போகல. இமேஜே போச்சு. என் வேலையும் போயிடும் போல."

இதைக் கொடுத்துவிட்டால் புத்தம்புதிய வெள்ளைக் கார் ஒன்று தருவதாகச் சொன்னார். ஊர்ப் பேச்சில் அதுதான் குடும்பப் பெண்கள் ஓட்டும் வண்டி. சங்கரி வீட்டில் எல்லோரும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவள் ஏற்கெனவே அந்தப் புது மாடலையும் பாலத்தில் ஏற்றிப் பார்த்திருந்தாள். அது நின்றுபோனது. பத்ரியின் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பின்சீட்ல குந்து சார். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பேசிக்கலாம்" என்றாள்.

அன்றைக்கு ஓட்டியது சதுரங்கப்பட்டினம் சந்திரம்மா. ஐம்பது வயது. மாமல்லபுரத்து ஓட்டல்களுக்கு மீன் போடுகிறவர். என் முறைக்காகக் காத்துக்கொண்டு நான் பின்சீட்டில் பத்ரிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏற்றத்தில் பஸ் ஹாரன் அடித்தது. பத்ரி முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சந்திரம்மா அசராமல் ஏற்றி இறக்கினார். பாலம் இறங்கியதும் பத்ரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதான் இந்த வண்டி விக்கிறியா நைனா? பின்கதவத் தொறந்தா எத்தினி கூட புடிக்கும்?"

"ரோட்டப் பாரு!" என்று சங்கரி கத்தினாள்.

"என்ன கூடை?" என்றார் பத்ரி.

"மீன் கூட."

பத்ரி பதறினார். "அம்மா, இது ஸ்போர்ட்ஸ் வண்டி. உங்க தொழிலுக்கு லோடு வண்டிதான்..."

"லோடு வண்டில போனா ஓட்டல் வாட்ச்மேன் பின்வாசலுக்குப் போன்றான். ஆட்டோல போனா வெளியவே நில்லுன்றான். மேனேஜராண்ட வெல பேச வுடமாட்டேன்றான். போன வாரம் இந்த வண்டிய அந்த ஓட்டல் கேட்டாண்ட திருப்பினேன் பாரு, எழுந்து சல்யூட் அடிக்கிறான்! எல் போர்டு மாட்டிகினு கீது, அதக்கூட பாக்கல. எனக்கு இதான் வோணும்."

பத்ரி திரும்பி, வண்டியின் பின்பக்கத்தைக் கண்ணால் அளந்தார். இமேஜைப் பற்றி அந்த மனுஷருக்கு அதற்கு மேல் யார் பாடம் எடுத்துவிட முடியும்? மாமல்லபுரம் வருவதற்குள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நாலு கூடை புடிக்கும்மா. பின்சீட்ட மடிச்சா ஆறு."

"அப்ப என் வண்டி?" என்றாள் சங்கரி.

"நீங்க ஓட்டுங்க மேடம். போர்ட மட்டும் கொஞ்சம் பெருசா மாட்டுங்க."

அதே மஞ்சளில் சந்திரம்மா வாங்கினார். லைசென்ஸ் வந்தபின் முதல் நாள் ஓட்டத்துக்கு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். பின்னால் கூடைகளுக்கு நடுவே நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பாலம் வந்தது. முன்சீட்டில் சங்கரியின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. சந்திரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"கால மடிச்சி குந்து டீச்சரம்மா. வண்டி என்து."

சங்கரி இரண்டு காலையும் மடித்துச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.