வேலையை விடலாமா என்று பூ கேட்டேன்

அம்மனைக் கும்பிடுகிற உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஒன்பது மாதம் நான் அவளை வைதுகொண்டே இருந்தேன். விளக்கு ஏற்றவில்லை, திருநீறு பூசவில்லை. அவ்வளவு கோபம்.

மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் மூன்று வருடம் இருந்தேன். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும்போது என்ன விலை பெறும் என்று கணக்கிட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு பிஸ்கட் ஆலையை வாங்க வந்தவர்களுக்கு, எந்தப் பிரிவை மூடினால் லாபம் என்று எழுதிக் கொடுத்தேன். மூடினார்கள், அங்கே இருந்தவர்களுக்கு வேலை போயிற்று. என்னைப் பாராட்டி ஆபீஸில் கேக் வெட்டினார்கள். அதைத் தின்ற என் வாய் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பென்னாகரத்தில் புளி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு ஆள் தேடினார்கள். வியாபாரிகள் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் எதிர்த்துப் பேசி நல்ல விலை வாங்க ஒருவர் வேண்டும். சம்பளம் ரொம்பக் குறைவு. எனக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது.

லீவில் ஊருக்கு வந்து சொன்னபோது, "அம்மங்கிட்டயே கேட்டுரலாம்" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் முடிவு தெரியாவிட்டால் மாரியம்மனிடம் பூ கேட்போம். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. இலையில் மடித்து அவள் காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். சிவப்பு வந்தால் வேலையை விடுவது, வெள்ளை வந்தால் மும்பைக்கே திரும்புவது. பொட்டலம் இரண்டையும் அப்பாதான் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வந்தது.

அது போன ஆடி மாதம். அவள் வாக்காயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மறுபடி ஒரு ஆலை, மறுபடி அதே கணக்கு. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை.

சித்திரையில் ஊருக்கு வந்தபோது நேராகக் கோயிலுக்குப் போனேன். கும்பிட இல்லை, சண்டை போட. பின்னாலேயே வந்த அப்பா பக்கத்தில் நின்றார்.

"நீயெல்லாம் ஒரு தாயா? உன்ன நம்பித்தான கேட்டேன். உண்மையச் சொல்லு. அங்கயே கெடந்து சாவணுமா நானு?"

அப்பா என் கையைப் பிடித்தார். "அவள வையாத பாப்பா. அவ மேல தப்பில்ல. ரெண்டு பொட்டலத்துலயும் நாந்தான் வெள்ளப் பூவ வெச்சேன்."

"ஏம்ப்பா?"

"எம்மவ மும்பாய்ல இருக்கறான்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டேன். வேலய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துட்டீன்னா எப்புடி வெளிய தல காட்டறதுன்னு..."

முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். அவள் என்னைப் போகச் சொல்லவே இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே என் முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் அடுத்த நிமிடம் வந்தது, இன்னும் போகவில்லை. அப்பாவுக்குச் சோறு போடுகிறேன், முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதரை அங்கே பேச வைத்தது யார்? உண்மையைச் சொல் என்று கேட்டேன், சொல்ல வைத்தாள்.

மறுநாள் பென்னாகரம் போனேன். அந்த வேலை மறுபடி காலியாகியிருந்தது. நடுவில் இரண்டு பேர் வேலைக்கு வந்து, நிலைக்காமல் போயிருந்தார்கள். இதைத் தற்செயல் என்கிறவர்கள் என்னிடம் வாதாட வராதீர்கள். மும்பை வேலையை விட்டு அங்கே சேர்ந்தேன். இப்போது என் கோபத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. போன வாரம் ஒரு வியாபாரியை எழுந்து போகச் சொன்னேன், இரண்டு நாளில் நாங்கள் சொன்ன விலைக்கே திரும்பி வந்தார்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். சாந்தமாகத்தான் போய் நிற்க வேண்டும் என்றில்லை. செய்யாத தப்புக்கு ஒன்பது மாதம் என்னிடம் வசவு வாங்கினாள். ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை.