அஜைப் சிங்கின் சிரோபா

அஜைப் சிங் மைக்கை ஊதிப் பார்ப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் பிடியால் மூன்று தட்டுத் தட்டுகிறார். மூன்றாவது தட்டு மேற்குத் தெரு ஒலிபெருக்கியிலும் கேட்டுவிட்டால் பேச ஆரம்பிக்கிறார். "நாளைக்கு எருமைக்குத் தடுப்பூசி. டாக்டர் ஏழு மணிக்கு வர்றதாச் சொல்லியிருக்கார், நீங்க ஒன்பதுன்னு வச்சுக்குங்க. மூக்குக் கண்ணாடி ஒண்ணு இங்க கெடக்கு. கண்ணு தெரியாம யாராவது நடந்துக்கிட்டிருந்தா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே குரல். முதல் இரண்டு வாக்கியம் வரை எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. எது என்று தெரியட்டும் என்று காத்திருப்போம்.

எங்கள் கோட் ஜண்டா ஊர் குருத்வாராவின் மேடைச் செயலாளர் அவர். பதினெட்டு வருஷமாக. அதற்கு முன் மின்வாரியத்தில் லைன்மேன். ஒரு மழை நாளில் கம்பத்திலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போயிற்று. அது முதல் காம்பஸ் வட்டம் போடுகிற மாதிரி நடக்கிறார். வயது எழுபத்தொன்று. கேட்டால், "கார்டுல எழுபத்தொண்ணு, கால்ல தொண்ணூறு" என்பார்.

சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மைக் அல்ல, சிரோபா. குருவின் பெயரால் ஒருவர் கழுத்தில் போடுகிற காவித் துணி. மற்ற ஊர்களில் அதைக் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருப்பார்கள். காரில் வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் உண்டு. அஜைப் சிங் பதினெட்டு வருஷத்தில் பதினோரு பேருக்குத்தான் போடவிட்டிருக்கிறார். குளம் தூர் வாரியவர், பிரசவம் பார்க்கும் நர்ஸ், ரயில் கேட்டில் ஒரு பள்ளிக்கூட வேனை நிறுத்திக் காப்பாற்றிய பெண் என்று பதினோரு பெயரையும் வரிசையாகச் சொல்வார். "இது குரு குடுக்கறது. நம்ம வீட்டுப் பூமாலை இல்ல, வந்தவன் போனவனுக்குப் போட."

ஒருமுறை எம்.எல்.ஏ. மூன்று காரில் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, பிரார்த்தனை முடிந்ததும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி காத்திருந்தார். அஜைப் சிங் மைக்கைத் தட்டினார். "எம்.எல்.ஏ. வந்திருக்கார். வெயில்ல வந்திருக்கார். லங்கர்ல மோர் இருக்கு." எம்.எல்.ஏ. எல்லாரோடும் அந்தப் பொதுச் சமையற்கூடத்தில் மோர் குடித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் எங்களுக்கு வர வேண்டிய தார் ரோடு பக்கத்து ஊருக்குப் போயிற்று. ஊர் ஆறு மாதம் அஜைப்பைத் திட்டியது. அவர் கமிட்டியில் எழுந்து, "ரோடு குருவோடதா இருந்தா வந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்படிப்பட்டவரின் கழுத்திலேயே சிரோபா போட வேண்டும் என்று ஊர் தீர்மானித்ததில்தான் விவகாரம் தொடங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆகஸ்டில் சட்லெஜ் கரை உடைந்தது. மத்தியானம் வயலில் இருந்த தண்ணீர் நாலு மணிக்கு குருத்வாரா படியேறிவிட்டது. கிரந்தம் ஓதும் கிரந்தி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஆளுக்கொரு பக்கம் மாட்டையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாயங்காலம் பள்ளிக்கூட மாடிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே ஒரு காட்சியைக் கண்டோம். ஆசிரியர் மேஜையின்மேல் நாலு ரஜாய்ப் போர்வை விரித்து, அதன்மேல் பட்டுத் துணி சுற்றி, ஒரு சொட்டு நனையாமல் மகாராஜ் வீற்றிருந்தார். எங்கள் வேதமான கிரந்தத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பின்னால் நெஞ்சு வரை நனைந்த அஜைப் சிங் நின்று சாமரம் வீசிக்கொண்டிருந்தார். மூலையில் எங்கள் மௌலவி ஷம்ஷாத் குர்த்தாவைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். குருத்வாராவின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறைப் பள்ளிவாசலில் பதினோரு வீட்டாருக்குத் தொழுகை நடத்துகிறவர்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊர் தானே முடிவு செய்துகொண்டது. கால் மடங்காத கிழவர் அரை மைல் வெள்ளத்தில் மகாராஜைத் தலையில் சுமந்து வந்திருக்கிறார். மாதா மாதம் கதையில் தண்ணீர் உயர்ந்து கழுத்துக்கு வந்துவிட்டது. பாராட்டுகிறவர்களிடம் அஜைப் சிங் ஒரே பதில்தான் சொல்வார்: "நான் பின்னால நடந்தேன்." எவ்வளவு அடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள்.

சென்ற கார்த்திகையில், குருநானக் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது கமிட்டி கூடியது. அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் குர்லால்தான் பேச்சை எடுத்தான். முப்பது வயது. கோபம் கொஞ்சம் முன்னால் வரும், ஆனால் வேலை என்றால் கோபத்துக்கும் முன்னால் வந்து நிற்பான்.

"இந்தத் தடவை கழுத்த நீட்டணும் சித்தப்பா. மறுத்தீங்கன்னா கட்டிப்போட்டுப் போடுவோம்."

அஜைப் சிங் டெஸ்டரால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். "குடுக்கணும்னா மௌலவி ஷம்ஷாதுக்குக் குடுங்க."

எதற்கு என்று கேட்டார்கள். வெள்ளத்துக்கு என்றார். வெள்ளத்தில் எல்லாரும்தானே பாடுபட்டோம் என்றார்கள். அவர் மறுபடி முழங்காலைத் தட்ட ஆரம்பித்தார்.

குர்லாலுக்கு மௌலவிமேல் கசப்பு எதுவும் இல்லை. பள்ளிவாசல் சுவர் இடிந்தபோது தன் டிராக்டரில் செங்கல் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான். அவன் கேள்வி வேறு. மௌலவி ஒவ்வொரு வருஷமும் குருநானக் பிறந்தநாளுக்கு வருகிறார். தொப்பியோடு வந்து, கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, லங்கரில் சாப்பிட்டுப் போகிறார். மகாராஜ் முன்னால் வணங்குவதில்லை. யாரும் வணங்கச் சொன்னதுமில்லை. "அது அவரு மதம், சரி. ஆனா சிரோபா மகாராஜ் முன்னால போடறது. அங்க தலை குனியாதவர் தோள்ல எப்படிப் போடுவீங்க?"

அன்று தேநீர் இரண்டு முறை ஆறிப்போயிற்று. கிரந்தத்திலேயே முஸ்லிம் மகான்களின் வாக்கு இருக்கிறதே என்றார் தலைவர். அந்த வாக்குக்குத்தான் வணங்குகிறோம், ஆளுக்கு இல்லை என்றான் குர்லால். அப்படியானால் இதுவும் ஆளுக்கு இல்லை, செயலுக்கு என்று வைத்துக்கொள் என்றார் இன்னொருவர். என்ன செயல், அதைத்தான் சித்தப்பா சொல்ல மாட்டேன்கிறாரே என்றான் அவன். பதினோரு பேர் கமிட்டி. ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. பதினோராவது ஆள் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு, நாலு நாள் வேண்டும் என்றார்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது என் ஸ்கூட்டரை மறித்துப் பின்னால் ஏறிக்கொண்டார். மடங்காத கால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் எதிரே வந்தவர்கள் நாங்கள் திரும்பப் போகிறோம் என்று நினைத்து வழிவிட்டார்கள். பள்ளிவாசலுக்குப் போகச் சொன்னார்.

மௌலவி அடிகுழாயைப் பிரித்துப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. அஜைப் சிங் சலாம் சொல்லவில்லை.

"மௌலவி, எங்கிட்ட வாங்கின சத்தியத்தத் திருப்பிக் குடு."

மௌலவி என்னைப் பார்த்தார். "மாஸ்டருக்குத் தெரியுமா?"

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

தெரிந்தது. அன்றைக்கு அஜைப் சிங் மகாராஜைப் பீடத்திலிருந்து எடுத்துத் தலையில் ஏந்தி வாசல் வரை வந்துவிட்டார். படியிறங்கித் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. மடங்காத காலை வெள்ளம் இழுத்தது. மின்சாரம் இல்லை, மைக்கும் இல்லை. மேடைச் செயலாளரான பிறகு முதல்முறையாகத் தொண்டையால் கத்தினார். ஓடி வந்தது மௌலவி ஒருவர்தான்.

அஜைப் சிங் அந்த நேரத்திலும் முறையை விடவில்லை. கை சுத்தமா என்று கேட்டார். இப்போதுதான் தொழுகைக்குக் கழுவினேன் என்றார் மௌலவி. கால்? வெறுங்கால். புகையிலை உண்டா? வாழ்நாளில் தொட்டதில்லை. தலையைப் பார்த்தார், தொப்பி இருந்தது. புதுப் பட்டுத் துணி ஒன்றை அதன்மேல் விரித்து மகாராஜை ஏற்றினார். மகாராஜ் போகும்போது வழக்கமாக ஒருவர் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார். அன்றைக்கு அது தேவைப்படவில்லை. மௌலவியின் இடுப்புத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாமரம் வீசியபடி அஜைப் சிங் பின்னால் நடந்தார். சிறுபாலம் இருந்த இடத்தில் மௌலவி பள்ளத்தில் இறங்கிக் கழுத்து வரை போனார். தலைமேல் இருந்த கைகள் மட்டும் இறங்கவில்லை. பள்ளிக்கூடப் படியில்தான், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எங்க ஆளுங்கள்ல நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. உங்க ஆளுங்கள்ல நாலு பேர் எப்படின்னு கேப்பாங்க," என்றார் மௌலவி. "எட்டுப் பேருக்குப் பதில் சொல்ற தெம்பு எனக்கு இல்லண்ணே. இறைவன் பேர் எழுதியிருக்கு, தண்ணி வருது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

"உனக்குப் போட வேண்டியத என் கழுத்துல போடப் பாக்கறாங்க."

"போட்டுக்குங்க. துணிதானே."

"உனக்குத் துணி. அதுக்காக ஒரு தார் ரோட்டையே விட்டவன் நான்."

மௌலவி சிரித்தார். பிறகு வெகுநேரம் வாஷரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "சரி, சொல்லுங்க. ஆனா என்னை முன்னால கூப்பிடாதீங்க. வந்து நின்னு குனியாம இருந்தா உங்க ஆளுங்க மனசு நோகும். குனிஞ்சா, அப்புறம் நான் எதுக்கு அஞ்சு வேளை அங்க குனியறேன்?"

அஜைப் சிங் யோசித்தார். நியாயம் என்றார். குழாயில் வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாய் என்றும் சொன்னார்.

நாலாம் நாள் கமிட்டியில், தன் ஓட்டு மௌலவிக்கு என்றும் காரணத்தைச் சபையில் சொல்வதாகவும் சொன்னார். குருநானக் பிறந்தநாள் அன்று மண்டபம் நிறைந்து வாசல் வரை ஆள். மௌலவி வழக்கம்போலக் கதவோரம் வந்து உட்கார்ந்தார். பாட்டும் பிரார்த்தனையும் முடிந்தபின் அஜைப் சிங் மைக்கைத் தட்டினார். எருமைத் தடுப்பூசிக் குரலிலேயே ஆரம்பித்தார்.

"வெள்ளத்தன்னிக்கு நாலே முக்காலுக்கு மகாராஜ் இங்கிருந்து புறப்பட்டார். அஞ்சே காலுக்குப் பள்ளிக்கூடம் சேர்ந்தார். சுமந்தது மௌலவி ஷம்ஷாத். பின்னால நடந்தது நான். இத ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், நீங்க பாதியத்தான் கேட்டீங்க. சொல்லாம விட்ட பாதி என் தப்பு."

தலைகள் ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின. மௌலவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் நாலு பேர் எழுந்து வெளியே போனார்கள். குர்லால் எழுந்தான், போகவில்லை.

"முறைப்படி நடந்துச்சா சித்தப்பா?"

கை, கால், தலை, புகையிலை என்று நாலையும் அஜைப் சிங் வரிசையாகச் சொன்னார். "இந்த நாலும் நம்மள்ல எத்தன பேருக்குச் சரியா இருக்குன்னு இப்பக் கேக்கப் போறதில்ல. இன்னிக்கு நல்ல நாள்."

குர்லால் உட்காரவில்லை. முகம் சிவந்திருந்தது. "அப்ப இவ்வளவு செஞ்சவரு, ஒரு தடவ குனிஞ்சா என்ன?"

அஜைப் சிங் மைக்கிலிருந்து கொஞ்சம் விலகிப் பேசினார். அதனால் அது மேற்குத் தெருவுக்குக் கேட்கவில்லை.

"தலைமேல தூக்கி வச்சுட்டு நடந்தவருடா. அதுக்கும் கீழ எங்க குனியச் சொல்றே?"

குர்லால் உட்கார்ந்தான். கூட்டத்தில் ஒரு கிழவர் "சரிதான்" என்றார். இன்னும் சிலர் சொன்னார்கள். பின்பு பெண்கள் பக்கத்திலிருந்தும் அந்தச் "சரிதான்" வந்தது, அது பெரிதாக வந்தது. கிரந்தி காவித் துணியை மகாராஜ் முன் வைத்தெடுத்து அஜைப் சிங்கிடம் கொடுத்தார்.

அவர் யாரையும் முன்னால் கூப்பிடவில்லை. துணியை இரண்டு கையிலும் ஏந்தி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வட்டம் போட்டு வட்டம் போட்டுக் கதவு வரை நடந்தார். கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். மௌலவி எழப் பார்த்தார். அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் துணியைக் கழுத்தில் போட்டார். மௌலவி அதன் நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண் கலங்கியதா, மரியாதையா என்று நான் கேட்கவில்லை.

எழுந்து போன நாலு பேரும் லங்கருக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். கடைசிப் பந்தியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பருப்பு வாளியோடு வந்த குர்லால் மௌலவியின் தட்டில் கரண்டியை அளவுக்கு மீறிச் சாய்த்தான். போதும் என்று அவர் கை காட்டிய பிறகும் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தான்.

யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அதை அறிவிக்கச் சொல்ல அஜைப் சிங்கைத் தேடினேன். மேடையில் இல்லை. அடுப்படியில் இல்லை. வாசலுக்கு வந்தபோது காலணி வைக்கும் அறையின் கம்பித் தடுப்புக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் மௌலவியின் தேய்ந்த செருப்பு. தோளில் கிடந்த துண்டின் நுனியால் அதன் மண்ணைத் துடைத்தார். வாரில் விட்டுப்போன இடத்தை மறுபடி துடைத்தார். பிறகு அந்த நுனியைத் தன் நெற்றியில் வைத்து எடுத்துவிட்டு, அடுத்த செருப்பை எடுத்தார்.