மூச்சைச் சேமித்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போன கதை

போன கிழமை என் பழைய பதிவொன்றின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் நோயாளர் விடுதியில் இருக்கிறாராம். பார்க்கப் போகிறவர்கள் மாஸ்க் போட வேண்டும். போட்டவுடனே இவருக்கு மூச்சு முட்டுகிறதாம், வாசலோடு திரும்பி வந்துவிடுகிறாராம். "உங்களுக்கும் இப்படி இருந்ததென்று எழுதியிருந்தீர்களே, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். சமாளித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பயணத்தைப் போய் முடித்தேன், அவ்வளவுதான். அதை எழுதுகிறேன்.

கொரோனாக் காலம். பயணத்தடை தளர்ந்து, பஸ்கள் சீட் கணக்குக்கு மட்டும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள். நான் இருப்பது கிளிநொச்சியில். தம்பி முல்லைத்தீவுக் கரையோரம் பெண் எடுத்து அங்கேயே இருக்கிறான். அவனுக்கு மகள் பிறந்திருந்தாள், மாதம் நிறையாமல். பிறந்தபோது அழவில்லை. கிழமைக்கணக்காக ஒட்சிசன் குழாயோடு கிடந்து, ஒருவழியாக வீட்டுக்கு வந்திருந்தாள். ஞானஸ்நானத்துக்கு என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொன்னார்கள்.

பிரச்சினை என் மூஞ்சியில் இருந்தது. மாஸ்க் போட்டால் நெஞ்சு அடைக்கும், விரல் நுனிகள் விறைக்கும், இப்போதே விழுந்து செத்துவிடுவேன் என்று தோன்றும். ஊசி போடும் வரிசையில் நின்றபோது ஒருநாள் மாஸ்க்கைப் பிய்த்தெறிந்துவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடியிருக்கிறேன். டொக்டர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்சிசன் நல்லா இருக்கு, இது பயம்தான்" என்றார். பயம் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமா என்ன. மற்ற எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பங்கர். வன்னியில் ஒருத்திக்குத் தலையிடித்தாலும் பங்கர், சோறு செமிக்காவிட்டாலும் பங்கர். எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. சண்டைக் காலத்தில் அந்தப் பதுங்குகுழிக்குள் கிடந்தபோது நான் பயந்து நடுங்கியவள் இல்லை. மாஸ்க்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எல்லாரிடமும் சண்டை பிடித்தேன்.

தம்பி போன் எடுத்தான். "அக்கா, ஏலாட்டிச் சொல்லுங்கோ. ரஞ்சின்ர அக்காவை நிப்பாட்டலாம். பிள்ளைக்குக் கிட்ட நிக்கிற ஆக்கள் மாஸ்க்கைக் கழட்டவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்." ரஞ்சி அவன் மனைவி. அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் பக்கத்தில் மிச்சமிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பிள்ளையை நான் தூக்காமல் யார் தூக்குவது? "நான் வாறன்" என்றேன்.

காலை ஆறரை பஸ். பரந்தன் சந்தியில் திரும்பி விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம், பிறகு முல்லைத்தீவு. ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். அப்போது நூற்றைம்பது ரூபாவுக்குள் முடிந்தது. இப்போது எவ்வளவென்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறுமுன்பே ஒரு முட்டாள்வேலை செய்திருந்தேன். மூக்கடைப்புக்குப் பூசுகிற தைலத்தை மாஸ்க்குக்குள் இரண்டு சொட்டு விட்டால் குளிர்ந்த காற்று வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விட்டேன். கொஞ்ச நேரத்திலேயே கண் எரிந்து, மூக்கால் ஓடி, பரந்தன் தாண்ட முன்பே அழுதுகொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் ஏதோ செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து இரக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அந்த மாஸ்க்கைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

பஸ்ஸில் ஓர் ஒழுங்கு நடந்துகொண்டிருந்தது. எல்லாருடைய மாஸ்க்கும் நாடிக்குக் கீழேதான் கிடந்தது. சோதனைச்சாவடி கண்ணில் படும்போது கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி குரல் கொடுப்பார்: "மாஸ்க்கைப் போடுங்கோ, மாஸ்க்கைப் போடுங்கோ, முன்னுக்கு நிக்கினம்!" ஒரே நேரத்தில் முழு பஸ்ஸும் மூக்கை மூடும். தாண்டியதும் எல்லாம் இறங்கிவிடும். சாவடியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. செய்தது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவடி முடிகிற இடம் தெரிந்ததால் அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க முடிந்தது.

விசுவமடுவில் ஏறிய ஓர் அம்மா என் பக்கத்தில் இருந்தார். பஸ்ஸில் ஒழுங்காக மூக்கை மூடியிருந்தது அவர் ஒருவர்தான், அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று கேட்டார். மூச்சை வீணாக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினேன். "கதையாத ஆள் போல" என்று சொல்லிவிட்டு அவர் தொடங்கினார். ஒட்டுசுட்டானில் இருக்கும் மகளின் வாழைத் தோட்டத்துக்குள் யானை வந்தது, மருமகன் வெடி கொளுத்தியது, யானை போகாமல் மருமகன் ஓடிவந்தது என்று உடையார்கட்டு வரைக்கும் ஓயவில்லை. இரண்டு மாஸ்க்குக்குள்ளிருந்து இந்த மனிசிக்கு எங்கிருந்து காற்று வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பொறாமையாக இருந்தது.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் நீர், ஜன்னலால் உப்புக் காற்று. அதை ஆசை தீர இழுத்து இழுத்து உள்ளே அடைத்தேன். ஞானஸ்நானம் நடக்கும் கோயிலுக்குள் செலவழிக்கச் சேர்த்து வைப்பதாக நினைப்பு.

கோயில் கடலைப் பார்த்தபடி இருந்தது. பத்துப் பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. தம்பியின் கண்ணில் படும்போதே புது மாஸ்க்கை மூக்கில் அழுத்திவிட்டேன். ரஞ்சி பிள்ளையை என் கையில் தந்தாள். "பிடிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள், தலையைக் கொஞ்சம் உயர்த்தி." ஒரு கறிச்சட்டி அளவு பாரம்கூட இல்லை. நெற்றியில் நீல நரம்பு தெரிந்தது.

பங்குச் சுவாமி செபங்களைத் தொடங்கினார். முதலில் சரியாகத்தான் இருந்தேன். வாயை இறுக்கி மூடி, அசையாமல், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து நின்றேன். பிறகு வந்துவிட்டது. விரல்கள் விறுவிறுத்தன. நெஞ்சில் இடமே இல்லை. இங்கே கொண்டக்டர் இல்லை, எப்போது முடியும் என்றும் தெரியாது. சாவதைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. பிள்ளையை நழுவ விட்டுவிடுவேன் என்றுதான் நடுங்கினேன். தம்பியின் பக்கம் திரும்பி, வாங்கிக்கொள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

அவன் வாங்கவில்லை. என் கைகளுக்குக் கீழே தன் கைகளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"அக்கா, பங்கருக்குள்ள இருந்த மாதிரி நிக்கிறியள்."

நான் முறைத்தேன்.

"ஓம் அக்கா. இப்பிடித்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள். எனக்கும் சொன்னனீங்கள், கதையாதை, காத்து முடிஞ்சுபோம் எண்டு."

சொன்னேன்தான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மண்மூட்டைக்குக் கீழே, அந்தக் குழிக்குள் பதினொரு பேர். கதைத்தால் காற்றுச் செலவாகும் என்று யாரோ சொல்ல, நாங்கள் எல்லாரும் நம்பினோம். காற்றைச் சேமித்தோம். வெளியே வந்து இத்தனை வருடமாகியும் நான் சேமித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் சுவாமி விசுவாசக் கேள்வியைக் கேட்டுவிட்டார். "விசுவசிக்கிறேன்" என்று முணுமுணுத்தேன். மாஸ்க்கும் கடல் இரைச்சலும் சேர்ந்து அது என் காதுக்கே எட்டவில்லை. "கேக்கேல்லை. பலமாச் சொல்லுங்கோ" என்றார் சுவாமி. அவருக்கும் மாஸ்க், அவருக்கும் களைப்பு. எனக்குக் கோபம் வந்தது. சுவாமியில், தம்பியில், தைலம் விடச் சொன்ன பக்கத்து வீட்டில், எல்லாவற்றிலும். இருந்த காற்று முழுவதையும் திரட்டி, "விசுவசிக்கிறேன்!" என்று கத்தினேன்.

அரைவாசி வெறுமையாகக் கிடந்த கோயிலில் அது சுற்றி வந்தது. நெஞ்சு காலியானது. நான் இழுக்காமலே காற்றுத் தானாக உள்ளே வந்தது. அடுத்த கேள்விக்கும் கத்தினேன். சுவாமி கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றார்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீறிட்டு அழுதாள். ரஞ்சியின் தாய் ஓடிவந்து "ஓ, ஓ, அழாதை குஞ்சு" என்று தட்டப் போனார். தம்பி தடுத்தான். "விடுங்கோ மாமி, அழட்டும். இந்தச் சத்தத்துக்குத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தனாங்கள்." சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

பின்னேரம் திரும்பி வந்தேன். வழிநெடுக மாஸ்க்கைக் கீழே இறக்காமல், புதுக்குடியிருப்பில் ஏறிய ஒரு பெண்ணிடம் பரந்தன் வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தேன். பாவம், தர்மபுரத்தோடு அவள் நித்திரையாகிவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

கேட்டவருக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். முதலில் ஒரு டொக்டரிடம் காட்டி, நெஞ்சில் வருத்தம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மாஸ்க் துணி மெல்லியதாக, காய்ந்ததாக இருக்கட்டும். தைலம் வேண்டாம். விடுதிக்குள் போகுமுன், எவ்வளவு நேரம் இருக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், முடிவு தெரிந்தால் பாதிப் பயம் குறையும். காற்றை உள்ளே இழுக்கப் பாடுபடாதீர்கள், வெளியே விடுங்கள். அதற்கு லேசான வழி கதைப்பதுதான். அம்மாவின் கட்டிலடியில் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் முற்றாகப் போகவில்லை. கிளினிக்கில் மாஸ்க் போடச் சொன்னால் இப்போதும் கை விறைக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் யானைக் கதையைத் தொடங்கிவிடுவேன்.

தம்பியின் மகள் வளர்ந்துவிட்டாள். போன் எடுத்தால் கோழி, கடல், செருப்பு என்று வாய் ஓயாது. காது வலித்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அவளை ஒருவரும் கதையாதே என்று சொல்வதில்லை.