தண்ணி லாரிக்கு அசையாத ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி. வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒருத்தன், "பொழிச்சலூர் பசங்களைக் கெடுத்த புண்ணியவதி" என்று எழுதியிருந்தான்.

ஆமாம், கெட்டோம். அதுக்கு என்ன இப்ப?

தெரியாதவர்களுக்கு... தொண்ணூறுகளில் அக்கா தன் வீட்டு முன்னறையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். இரண்டு டிவி, சில ஸ்டூல்கள், ஒரு டேபிள் ஃபேன். துபாய் போன புருஷன் போனவர்தான். அந்த டிவிகளை நம்பித்தான் உள்ளே அடுப்பு எரிந்தது.

நான் அப்போது தாம்பரத்தில் பி.காம். அதாவது, வீட்டில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடையில் எல்லோரும் ஆடியது ஒரே கேம். குதித்துக் குதித்து மலை ஏற வேண்டும். மேலேயிருந்து முதுகெல்லாம் செதிலாக ஒரு ஜந்து, பந்து மாதிரி சுருண்டு உருண்டு வரும். நாங்கள் வைத்த பெயர் தண்ணி லாரி. எதிரில் யார் வந்தாலும் பிரேக் போடாது.

தாண்டிக் குதித்தால் திரும்பி வந்து பின்னாலிருந்து ஏற்றும். ஓடினால் இன்னும் வேகமாகத் துரத்தும். அதில் அடிபட்டே என் டிகிரி முடிந்தது.

அக்கா ஆடினால் மட்டும், அப்படியே அசையாமல் நிற்பார். லாரி மூக்குக்கு நேரே வந்து நின்றுவிடும். சுருளைப் பிரித்து, யாருடா இது என்று தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்போது தலைமேல் ஒரு குதி. காலி.

கேட்க சுலபம். அது உருண்டு வரும்போது பட்டனை அமுக்காமல் இருந்து பாருங்கள். எங்களில் ஒருத்தனுக்கும் அந்தத் தில் கிடையாது.

இன்னொன்று. பொழிச்சலூர் ஏர்போர்ட்டுக்குப் பக்கம், தலைக்கு மேலேயே ஏரோபிளேன். அது வந்தால் ஊரே பாதி வார்த்தையில் நிறுத்தி, அது போன பிறகுதான் மீதியைப் பேசும். சண்டைகூட அப்படித்தான்.

ஒரு சாயங்காலம் தெரு சங்கத்துச் செயலாளர் ஆட்களோடு வந்தார். ரிட்டயர்டு ஹெட்கிளார்க். வெள்ளை வேட்டி.

"இந்தக் கண்றாவிய இன்னையோட மூடிடும்மா ஸ்டெல்லா. பசங்க படிப்பு போச்சு."

"இன்னா சார் பேசறீங்க? மூடிட்டா என் ரெண்டு பொண்ணுக்கும் நீங்க சோறு போடுவீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூடலன்னா போலீஸ்ல சொல்லுவோம்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க. தோ உருண்டுகினு வருது பாருங்க, அத ஒரே ஒரு தபா மிதிச்சுக் காட்டுங்க. கடைய மூடிடறேன். முடியலன்னா, சங்கம் கிங்கம்னு இந்தப் பக்கம் வரக் கூடாது."

கூட வந்தவர்கள் பார்க்கிறார்களே! மனுஷன் உட்கார்ந்துவிட்டார். ரிமோட்டை டிபன் பாக்ஸ் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் உயிர் போனது. அடுத்ததும். கடைசி உயிர்... லாரி உருண்டு வருகிறது... தலைக்கு மேலே பிளேன்.

பொழிச்சலூர்க்காரர் அல்லவா. பழக்க தோஷம். வாய் நின்றது, கை நின்றது, ஆளே உறைந்துவிட்டார்.

டிவியில் லாரி வந்தது. நின்றது. பிரிந்தது. தலையைத் தூக்கியது.

ஒரே ஒரு பட்டன்... அமுக்கினால் கடை காலி. அக்காவைப் பார்த்தேன். இடுப்பில் கை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனார்.

"அட... இதுக்குக் கண்ணு இருக்கேம்மா. நம்மளையே பாக்குதே, பாவம்..."

அது மறுபடி சுருண்டு, அவர் மேல் ஏறிப் போனது.

நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்த பிளேன் யாருக்கும் கேட்கவில்லை.

சங்கம் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் வந்தார், தினமும். "சும்மா பாக்கத்தான்பா" என்பார். ஸ்டூலை விட்டு எழுப்ப முடியாது.

அவர் தோற்ற அன்றைக்கு, கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, அவர் மட்டும் அமுக்கியிருந்தா?"

"மூடியிருப்பேன்டா. சொன்ன வார்த்தை இல்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... காலைல பின்பக்கக் கதவாண்ட தொறந்திருப்பேன்."

இப்போது கோவிலம்பாக்கத்தில் நானே ஒரு அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர். சிரிக்காதீர்கள். மொட்டைமாடியில் பசங்க ஆடக் கூடாது என்று வரும் புகார்கள் எல்லாம் என்னிடம் வந்து உயிரை விடும்.

"புண்ணியவதி" என்று எழுதிய மச்சான்... அந்த ஸ்டூலுக்காக என் சட்டையைக் கிழித்தவன் நீ. நாளைக்கு அடக்கம். வந்து சேர்.

போயிட்டு வாங்க அக்கா. அங்கே சொர்க்கத்தில் முன்கதவை மூடி வைத்திருந்தால்... எங்களுக்குக் கவலையில்லை.