நேராக நிற்காத வரிகள்

நிரல் எழுதும் தொழிலில் கணினியோடு சண்டை குறைவு. பக்கத்து நாற்காலியோடுதான் அதிகம். இதே அவதியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம். நான், மெர்சி, பஷீர் என்று மூன்றே பேர்.

ஒரே கோப்பு, மூன்று கை

கருக்களாச்சேரியில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் கலியமூர்த்திதான் எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் நாளில், எந்தப் படகுக்கு முதலில் ஐஸ் என்று திரையில் வரிசை காட்ட வேண்டும். கோப்பைத் திறந்தேன். மெர்சி வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டிருந்தார். பஷீர் எல்லாவற்றையும் நெருக்கியடித்திருந்தார். அடைப்புக்குறி அவருக்கு ஆடம்பரம். ஒரே திட்டத்துக்கு ஒரே நடை வேண்டும் என்று, உரைநடையின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். பஷீர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓடுதுல்ல சார்? ஓடுற படகுக்கு எதுக்கு சார் இஸ்திரி?"

வாக்கெடுப்பு

உள்தள்ளல், அதாவது வரியின் முன்னால் விடும் இடம், நான்கு இடைவெளி. நிபந்தனைக்குக் கீழே ஒரே வரி இருந்தாலும் அடைப்புக்குறி கட்டாயம். இந்த இரண்டு விதிகளும் இரண்டுக்கு ஒன்று என்று நிறைவேறின. மெர்சியின் வாக்குக்குக் கீழ்க்கடை முட்டை பப்ஸ் தேவைப்பட்டது. பழைய வரிகளைப் பிறகு திருத்தலாம் என்று விட்டோம். நிரலுக்கு இடையே எழுதும் குறிப்புகளுக்கு முற்றுப்புள்ளி வேண்டும் என்ற என் மூன்றாவது விதி மட்டும் தோற்றது.

"பப்ஸுக்கு ரெண்டு விதிதான் சார் வரும். மூணாவதுக்குக் கேக் வாங்கணும்," என்றார் மெர்சி.

மறையும் படகுகள்

தடைக்காலத்தின் கடைசி நாள் காலை கலியமூர்த்தியிடமிருந்து போன். படகின் பெயரைப் பதிந்தால், ஒரு கணம் தெரிந்துவிட்டு மறைந்துபோகிறதாம்.

"தம்பி, உங்க வரிசையில ஒரு படகும் நிக்க மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலன்னா நான் பழைய கரும்பலகையே வச்சுக்கறேன். நீங்க வர வேணாம்!"

வெள்ளையடிப்பு

பஷீர் பதறிப்போய் அங்கங்கே எதையோ மாற்றினார். போகிற போக்கில் என்னையும் குளிர்விக்க நினைத்து, வரிகளைத் தானாக நேராக்கும் ஃபார்மேட்டரைத் திட்டம் முழுவதும் ஓட்டிவிட்டார். சரிபார்க்கத் திறந்தால், எல்லா வரிகளும் மாறியதாக நின்றன. எது திருத்தம், எது அலங்காரம்? மெர்சி தலையில் கை வைத்தார்.

"வீடு முழுக்க வெள்ளையடிச்சிட்டுக் கைரேகையத் தேடச் சொல்றீங்களே பஷீரண்ணே!"

வெளியே நின்ற வரி

எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, ஃபார்மேட்டரை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தோம். 'ஐஸ் கொடுத்தாகிவிட்டதா' என்ற நிபந்தனைக்குக் கீழே, பஷீர் எழுதிய இரண்டு பழைய வரிகள் அதுவரை ஒன்றாக உள்ளே தள்ளி நின்றன. இப்போது ஒன்று மட்டும் இடது ஓரத்துக்கு வந்து தனியே நின்றது. படகின் பெயரை வரிசையிலிருந்து நீக்கும் வரி அது. அடைப்புக்குறி இல்லையென்றால் நிபந்தனைக்கு முதல் வரி மட்டும்தான் கட்டுப்படும்; இரண்டாவதான இது கட்டுப்படவே இல்லை. பதிந்த படகையெல்லாம் உடனே நீக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பதாகத் தெரிந்ததெல்லாம் நம் கண்ணுக்கு மட்டும்தான். பஷீரே அடைப்புக்குறி போட்டார். படகு நின்றது. நான் தொண்டையைச் செருமினேன். பஷீர் முந்திக்கொண்டார்.

"சார், நான் போயி கேக் வாங்கிட்டு வர்றேன். நீங்க மட்டும் எதுவும் பேசாதீங்க."

அதே திரை

மறுநாள் விடியும்போது ஐஸ் கம்பெனித் திரையில் படகுகள் வரிசையாக நின்றன. கீழே ஐஸ் உடைக்கும் சத்தம். நடையின் மேன்மையைக் கலியமூர்த்திக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா மொதல்ல மாதிரிக்குக் காட்டுன அதே திரைதானே? மூணு பேரும் சேந்து அப்படி என்னத்தப் பண்ணீங்க?"

நண்பர்களே, நாம் எதற்காக நாளெல்லாம் சண்டை போடுகிறோம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருப்பது, ஒரு வகையில் நம் மானத்துக்கு நல்லதுதான்.