சம்பந்தி வண்டியின் இடது இருக்கை

வியாழன், காலை 6.10. எழும்பூரில் இறங்கியபோது கையில் ஒரு துணிப்பை, மனதில் ஒரே ஒரு வாக்கியம். திருச்சியிலிருந்து வந்த முந்நூற்று முப்பது கிலோமீட்டரும் அந்த வாக்கியத்தைத்தான் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். அடுத்தவர் வேலியை இரண்டு அடி நகர்த்தச் சொல்லுவதெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனால் சம்பந்தியிடம் போய் ‘இனிமேல் கார் ஓட்டாதீர்கள்’ என்று எப்படிச் சொல்லுவது? பெண்ணைக் கொடுத்திருக்கும் வீடு.

மகள் மலர் போன வாரம் போனில் அழாத குறையாகப் பேசினாள். மாமனாரின் காரில் இடதுபக்கக் கண்ணாடி ஒரே மாதத்தில் இரண்டு முறை உடைந்துவிட்டதாம். இடது கதவில் புதிதாக மூன்று கீறல்களாம். கேட்டால் எவனோ இடித்துவிட்டுப் போனான் என்கிறாராம். மாப்பிள்ளைக்கு அப்பாவிடம் பேச்செடுக்கத் தைரியம் இல்லை. நீங்கள் சொன்னால் மரியாதைக்காவது கேட்பார் என்று மலர் சொன்னாள். அந்த மரியாதையை நம்பித்தான் டிக்கெட் போட்டேன்.

காலை 7.00. ஆட்டோ மயிலாப்பூருக்கு 220 ரூபாய் வாங்கியது. குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, அடுக்குமாடி வீட்டு வாசலிலேயே சம்பந்தி குணசீலன் காத்திருந்தார். வயது எழுபத்திரண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. தீயணைப்புத் துறையில் டிரைவர் மெக்கானிக்காகச் சேர்ந்து முப்பத்துநாலு வருடம் தண்ணீர் வண்டி ஓட்டியவர். லீவு நாட்களில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயத்துக்குப் போய்விடுவார். முதலில் அடுத்தவர் கார்களுக்கு நட்டு முடுக்கினார், பிறகு தானே ஓட்டினார். ஒருமுறை மூன்றாவதாக வந்ததற்கு ஒரு கோப்பை கிடைத்தது. இப்போது அதற்குள் பேத்தியின் கலர் பென்சில்கள் நிற்கின்றன.

இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே வாக்கியத்தைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் இன்னொரு இட்லி வைத்தார்.

காலை 10.30. பேத்திக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்றேன். தி.நகருக்குக் காரிலேயே போகலாம் என்று சாவியை எடுத்தார். பாலேட்டு நிறத்தில் ஒரு பழைய பத்மினி. தீயணைப்பு நிலையத்து வழக்கப்படி மூக்கு தெருவைப் பார்க்க நின்றது. கிளம்பும் முன் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார்.

“சர்வீஸ்ல லெஃப்ட் சீட்ல உக்கார்றவருதான் லெஃப்ட் பாக்கணும், சம்பந்தி. டிரைவர் ரைட்டையும் முன்னாடியும் மட்டும் பாப்பான். நீங்க பாத்து கிளியர்னு சொல்லணும். அப்புறந்தான் வண்டி நகரும்.”

எனக்கு ஒரே குஷி. மாட வீதியைத் தாண்டுவதற்குள் ஆறு ‘கிளியர்’ சொல்லிவிட்டேன். அவர் ஓட்டிய அழகைச் சொல்லியாக வேண்டும். பிரேக் போட்டதே தெரியவில்லை. வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் வண்டியை அதன் போக்கில் விட்டார். பந்தயத்தில் கற்றதா என்று கேட்டேன். பாதிதான் பந்தயம், மீதி தண்ணீர் வண்டி என்றார். டாங்கி நிறையத் தண்ணீரோடு வேகமாகத் திரும்பினால், தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி வண்டியையே கவிழ்த்துவிடுமாம். அதனால் பந்தயத்தில்கூட தன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிற நினைப்பிலேயே ஓட்டியதாகவும், அதனால்தான் மூன்றாவதாக வந்ததாகவும் சொல்லிச் சிரித்தார்.

பகல் 11.15. பாண்டி பஜாரில் மஞ்சள் பூப்போட்ட பருத்திச் சட்டை ஒன்று 480 ரூபாய்க்குக் கிடைத்தது. ரங்கநாதன் தெருவுக்குள் போகலாமா என்றேன். தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாத தெருவுக்குத் தான் விரும்பிப் போவதில்லை என்றார். மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. ரசத்தில் மிளகு தூக்கல்.

மாலை 3.30. கோட்டூர்புரம் வழியாக அடையாறு. பாலம் தாண்டி ஒரு முனையில், ஆற்றைப் பார்த்த பராக்கில், நான் ‘கிளியர்’ சொல்ல மறந்துவிட்டேன். வண்டி நின்றது. இடப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது, ஒரு சைக்கிள்கூட இல்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அவர் நேரே பார்த்தபடி காத்திருந்தார், ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ‘கிளியர்’ என்றேன். நகர்ந்தார்.

விளையாட்டு என்று நினைத்தது விளையாட்டு இல்லை. இந்த மனிதருக்கு இடது கண் போய்விட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாமல், பக்கத்தில் உட்காருகிறவர்களின் கண்ணைக் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்ல அதைவிட நல்ல சமயம் ஏது? ஆனால் அந்த வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘வெயில் ஜாஸ்தி’ என்றேன். ஆமாம் என்றார்.

மாலை 4.20. ராத்திரிக்கு மீன் வாங்கலாம் என்று பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பத்துக்குப் போனோம். சந்துக்குள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மணலில் ஏற்றி வைத்திருந்த நீலப் படகுகளைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில், பார்க்காமலே ‘கிளியர்’ என்று சொல்லிவிட்டேன்.

டங்கென்று ஒரு சத்தம். அலுமினியக் கூடை ஒன்று உருண்டது. சங்கரா மீன்கள் தெரு முழுக்கச் சிதறின. கூடைக்காரம்மா அப்போதுதான் எதிர்ச்சாரிக்குச் சில்லறை மாற்றப் போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த பலகை முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அளவெடுத்தே காலம் தள்ளியவன் நான். அந்த ஒரு சாணைக் கண்ணாலேயே மூன்று முறை அளந்து பார்த்தேன்.

அந்த அம்மா ஓடிவந்து டிரைவர் பக்கத்து ஜன்னலைத் தட்டினார்.

“இன்னாய்யா பெருசு, கண்ணு கிண்ணு தெரியலியா உனுக்கு?”

சென்னைத் தெருவில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் பேரைக் கேட்கிற கேள்வி. யாரும் பதில் சொல்லுவதில்லை, திருப்பித் திட்டுவார்கள். சம்பந்தி இன்ஜினை அணைத்தார்.

“தெரியலம்மா,” என்றார். “இந்தப் பக்கம் தெரியல.”

அந்த அம்மா ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சம்பந்தி இறங்கி, தேய்த்த சட்டையோடு மண்ணில் குந்தி, மீன்களைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். தப்பு என்னுடையது, நான்தான் பார்க்காமல் சொன்னேன் என்றேன். ஸ்டியரிங் பிடித்தவன்தான் பொறுப்பு என்று என் பக்கம் பார்க்காமலே சொன்னார். கூடையோடு மீனை நாங்களே வாங்கிக்கொண்டோம். வண்டியருகே வந்ததும் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சுற்றிப்போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். மயிலாப்பூர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். கியர் போடும்போதெல்லாம் வண்டி கரகரவென்று கத்தியது. அவர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, இடது கண் தெரியவில்லை என்று மகனிடமும் மருமகளிடமும் அவரே சொன்னார். அதனால்தான் பேத்தியை மூன்று மாதமாகக் காரில் ஏற்றவில்லை, முழங்கால் வலி என்று சொன்னது பொய் என்றும் சொன்னார். மலர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை அப்பாவின் தட்டில் மீன் எடுத்து வைத்தான். நாளைக்கே கண் டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் பேச்சு முடிந்தது.

வெள்ளி, காலை 9.15. என்னை வழியனுப்ப எழும்பூர் வரைக்கும் ஆட்டோவில் வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அவருடைய வலது கால் ஆட்டோவின் தரையை அழுத்தியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பிரேக் என்கிட்ட கீது தலைவரே, நீங்க ரெஸ்ட் எடுங்க,” என்றார். சம்பந்தி சிரித்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்த சிக்னலில் மறுபடியும் அழுத்தினார்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதை மரியாதை என்கிறோம். அந்த அம்மாவுக்குச் சில்லறை கையிலேயே இருந்திருந்தால், நேற்று என்னுடைய மரியாதை எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி மெதுவாகப் பேசினார்.

“நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் சம்பந்தி. யாராச்சும் ஒருத்தர் போதும்னு சொல்லுவாங்களான்னு மூணு மாசமா பாத்துக்கினு இருந்தேன். ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன் சம்பந்தி.”

“நானுந்தான்,” என்றார்.